சோதனைப் பெட்டி வரும் நாள்

வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பாதியில் போட்டுவிட்டு, "இனி அவகூட எனக்குப் பேச்சில்லை" என்று தனபால் எழுந்து போனதைப் போன வாரம் பார்த்தோம். தனபால் சொன்னதைச் செய்கிறவர். அன்றிலிருந்து தங்கை சிவசக்தி போன் பண்ணும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மனைவி சுஜாதாவைக் கேட்கச் சொல்லிக் கை ஜாடை காட்டுவார். சுஜாதாவுக்குப் பாதி ஜாடை புரியாது. புரிந்த மாதிரி எதையாவது கேட்டு வைப்பாள்.

சண்டைக்குக் காரணம் மெஸ் வாசலில் நிற்கும் சார்ஜிங் மிஷின்.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகிற ரோட்டில் இருக்கிறது தனபாலின் மெஸ். மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் மிஷினை அங்கே வைக்கலாம் என்று கம்பெனியில் எடுத்துச் சொன்னவளே சிவசக்திதான். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். மிஷின்களைச் சோதித்து, குறை உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

அண்ணன் வாசலில் நின்ற மிஷினோ யாருக்கும் பிடிபடாத புத்தியைக் காட்டியது. கார்க்காரர்கள் வந்து செருகினால் சிவப்பு விளக்கு. சிவசக்தி வந்து பார்த்தால் பச்சை விளக்கு. இரண்டு தடவை வந்து, தலைகீழாக நின்று சோதித்து, "குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு தடவையும் அந்த வாரமே மறுபடி புகார் வந்தது. அண்ணன் இடமாயிற்றே, தங்கை மழுப்புகிறாள் என்று ஆபீஸில் பேச்சு கிளம்பிவிட்டது. "உன் மிஷினால என் மானம் போவுது" என்றார் அண்ணன். "உங்க எடத்தால என் வேலை போவுதுங்க" என்றாள் தங்கை. வெங்காயம் பாதியில் நின்றது அப்போதுதான்.

இன்றைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஞானசுந்தரம் வருகிறார். பக்கத்தில் நின்று தானே பார்க்கப் போகிறாராம். சிவசக்தி எழுதியது பொய் என்று அவர் முடிவு கட்டினால் மிஷின் அடிவாரத்துக்குப் போய்விடும். அவள் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பும் அதோடு மலை இறங்கிவிடும்.

கம்பெனியின் சின்ன வேனை ஓட்டிக்கொண்டு சிவசக்தி வந்து சேர்ந்தபோது மெஸ் வாசல் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கழுவிய தரை இன்னும் முழுசாகக் காயவில்லை. மிஷினுக்கு முன்னால் கோலம். மிஷின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு.

"அண்ணி, இதுக்கெல்லாம் எதுக்குங்க பொட்டு?"

"இருக்கட்டும் கண்ணு. நம்ம வாசல்ல நிக்குது, மூளியா நிக்கலாமா?" என்றாள் சுஜாதா. "பொய்க் காரை எடுத்தாந்தியா?"

பொய்க் கார் என்று அவள் சொன்னது சிவசக்தியின் சோதனைப் பெட்டியை. டிபன் கேரியரைப் படுக்கப் போட்ட அளவில் ஒரு பெட்டி. மிஷினின் ஒயரை அதில் செருகினால், கார் ஒன்று வந்து நிற்பதாக மிஷினை நம்பவைக்கும். கார் கேட்பதையெல்லாம் அதுவும் கேட்கும். மிஷின் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று சிவசக்தி பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே அடுப்படியில் தனபால் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகத்தைக் குழம்புச் சட்டிக்குள் திருப்பிக்கொண்டார்.

"சுஜாதா, வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தியா?"

"வந்தவங்களுக்குக் காப்பி வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் சிவசக்தி.

"ரெண்டு பேரும் என்னை என்ன டெலிபோன்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள் சுஜாதா. காப்பி வந்தது. சிவசக்தி குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவளுக்குப் பிடித்த அளவு அதுதான். போட்டது அண்ணன்தான் என்று தெரிந்தது. ஆனாலும் ரோஷம் யாரை விட்டது? டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஞானசுந்தரம் தன்னுடைய மின்சாரக் காரிலேயே வந்தார். குட்டையான மனிதர், நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எதையும் நம்பாத ஆள் என்று தோன்றாது.

"நீங்க வந்தா எரியுற பச்சை விளக்கு எங்க சிவசக்தி?"

அவள் பெட்டியைச் செருகினாள். பச்சை எரிந்தது. கார் தயார் என்று பெட்டியைச் சொல்லவைத்தாள். மிஷின் ஒழுங்காகத் தலையாட்டியது. மின்சாரம் கசிகிற மாதிரி பெட்டியை நடிக்கவைத்தாள். மிஷின் சட்டென்று மின்சாரத்தை நிறுத்திக்கொண்டது. எல்லாம் பிசகில்லாமல் நடந்தது.

"அப்ப புகார் சொல்றவங்கதான் பொய் சொல்றாங்களா?" ஞானசுந்தரம் சிரித்தபடியே கேட்டார். "இதுல பாதிப் புகார் ஒரே வெள்ளைக் கார்தான் கொடுத்திருக்கு. சார்ஜ் ஏறாத இடத்துக்கு ஒரு மனுஷன் எதுக்கு வாராவாரம் வர்றார்?"

"எனக்கும் அதாங்க சார் தெரியலை. அந்த ஆளை மட்டும் நான் பார்த்தேன்னா..." சிவசக்தி பல்லைக் கடித்தாள்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுஜாதாவுக்கு அப்போது பார்த்து உள்ளே கறிவேப்பிலை உருவுகிற வேலை ஞாபகம் வந்தது.

"எர்த்தைப் பாத்துடலாம்" என்றார் ஞானசுந்தரம். "மிஷின்கிட்ட வேண்டாம். பின்னாடி குழியைத் திறந்து, தரையில கம்பி ஊனிப் பாருங்க."

மிஷினுக்குள் மின்சாரம் எங்காவது கசிந்தால், அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த்; மெஸ்ஸுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு குழிக்குள் அது இறங்குகிறது. வழி சரியில்லை என்று மிஷினுக்குத் தோன்றினால் சிவப்பைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றுவிடும். முந்தின இரண்டு தடவையும் சிவசக்தி மிஷின் அடியிலேயே மீட்டரை மாட்டி அளந்திருந்தாள். அளவு சரியாக இருந்ததால் பின்பக்கக் குழியைத் திறக்கவில்லை.

காப்பிச் செடிகள் தொடங்குகிற ஓரத்தில் அளவுக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தாள். கல் மண். கம்பி எகிறி எகிறி வந்தது. சித்திரை வெயில் மண்ணைச் சுட்ட செங்கல் மாதிரி ஆக்கியிருந்தது. கோடை மழை இந்த வருஷம் இன்னும் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு வந்து குழியின் மூடியைத் தூக்கினாள். குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது.

சுற்றிலும் காய்ந்து வெடித்த மண். குழிக்குள் மட்டும் சேறு.

மீட்டர் காட்டிய அளவு குறைவாக, நன்றாகவே இருந்தது. ஞானசுந்தரம் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே. நீங்க எழுதினது சரிதான்மா. அந்த வெள்ளைக் கார்லதான் ஏதோ கோளாறு. மிஷின் இங்கயே இருக்கட்டும்."

ஜன்னலுக்குப் பின்னால் தனபாலின் பல் தெரிந்தது. தங்கை ஜெயித்த சந்தோஷத்தில் பேச்சில்லை என்பதையே மறந்து, "சிவா, சாருக்கு இலை போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிவசக்தி நேராக அடுப்படிக்குள் போனாள்.

"அண்ணி, பின்னாடி குழியில தண்ணி ஊத்துனீங்களா?"

"பின்ன ஊத்தாம?" சுஜாதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்து நீ போன் பண்ணுனதும் டிரம்மு தண்ணியை இழுத்தாந்து, முன்னாடி பின்னாடி எல்லாம் கழுவி உட்டேன். காலையிலயும் ஒருக்கா கழுவுனேன். அந்த மூடி மேல ஒரே காக்கா எச்சம் கண்ணு. அதிகாரி கண்ணுல பட்டா நம்ம ஊட்டைப் பத்தி என்ன நெனப்பாரு?"

"போன தடவை நான் வந்தப்ப?"

"அப்பவும்தான். நீ எங்க ஊட்டுப் பொண்ணுன்னாலும் பெட்டியோட வந்தா ஆபீசர்தானே சாமி. வாசல் தெளிக்காம உன்னை உள்ள உடுவனா?"

சிவசக்தி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளே போன் பண்ணி, 'நாளைக்குச் சோதனைக்கு வர்றேன் அண்ணி' என்பாள். அண்ணி வாசலோடு குழியையும் கழுவிவிடுவாள். மண் குளிர்ந்து வழி திறந்துகொள்ளும். பச்சை எரியும். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மலை இறங்கியதும் மண் காயும், வழி அடைபடும், வருகிற காருக்குச் சிவப்பு எரியும். மிஷின் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் எழுதியது தப்பு.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணன் பேசிவிட்டார். அதிகாரி சரியென்று சொல்லிவிட்டார். ஆனால் நாளைக்கே யாரோ ஒருவர் குழந்தை குட்டிகளோடு வந்து சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது அவள் போட்ட கையெழுத்து தெரிந்தே போட்டதாக ஆகும். அதை அவளால் தாங்க முடியாது.

எழுந்து வெளியே போனாள்.

"சார், நான் எழுதினது ரெண்டும் தப்புங்க சார். இந்த எர்த் சரியில்லை. இன்னிக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க, அதனால நல்லா காட்டுது."

ஜன்னலில் தெரிந்த பல் மறைந்தது.

ஞானசுந்தரம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷத்தில், மிஷின் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னபிறகு, இல்லை என்று வாதாடிய ஆளை அவர் பார்த்ததில்லை.

"நிரூபிக்க முடியுமா?"

"உங்க காரையே செருகிடலாங்க சார். சாப்பிட்டுட்டு வாங்க. வெயில் ஏறுனதும் நின்னுடும். அதுவரைக்கும் அந்தக் குழிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது."

காரைச் செருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. மெஸ்ஸில் மூன்று பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மிஷின் நின்றுபோக வேண்டுமே என்று சிவசக்தி தவித்தாள். நிற்கக் கூடாதே என்று தனபால் தவித்தார். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்ற சுஜாதா, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான் எதுக்குன்னு வேண்டிக்கறது? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

ஞானசுந்தரத்துக்குக் களியும் பலாக்கொட்டைக் குழம்பும் போய்ச் சேர்ந்தன. அவர் இன்னொரு தடவை குழம்பு கேட்டார். அவர் ஒருவர்தான் அங்கே கவலையில்லாமல் இருந்தவர்.

வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. மிளகுக்கொடி சுற்றிய மரங்களின் நிழல் குழிப்பக்கம் எட்டவில்லை. சிவசக்தி மீட்டரைப் பார்க்கப் பின்பக்கம் போனாள்.

அங்கே தனபால் நின்றிருந்தார். கையில் ஒரு சொம்பு. சொம்பு நிறையத் தண்ணீர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செடிக்கு ஊத்த வந்தேன்" என்றார் தனபால்.

"இங்க செடி எங்கீங்க அண்ணா இருக்கு?"

தனபால் சுற்றிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் காப்பிச் செடிகள் இருந்தும், குழிக்குப் பக்கத்தில் ஒரு புல்கூட இல்லை.

"சொம்பைக் கீழ வைங்க அண்ணா."

அவர் வைக்கவில்லை. "மிஷின் போயிடும் சிவா."

"போனா போகட்டுங்க. நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மிஷினுக்காக யாரு அழுதா?" தனபால் சொம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அது வர்றதுக்கு முன்னாடி நீ எத்தனை தடவை ஊட்டுக்கு வந்தே? பொங்கலுக்கு வருவே, ராத்திரி தங்காம ஓடுவே. இது வந்ததுக்கப்புறம்தான் மாசம் தவறாம உன் மூஞ்சியைப் பாக்கறேன். இதை அடிவாரத்துல கொண்டுபோய் வெச்சா நீ அங்கயே பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவே. மலை ஏறுவியா?"

இத்தனை நாளாக அண்ணன் மானம் மானம் என்று கத்தியது இதற்காகத்தான் என்று சிவசக்திக்குத் தோன்றியதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"ஏறுவேனுங்க அண்ணா. மிஷின் இல்லைன்னாலும் ஏறுவேன்."

"நெசமா?"

"நெசமாத்தான். சொம்பைக் குடுங்க."

தனபால் கொடுத்தார். அவள் அதை அங்கேயே நின்று மடமடவென்று குடித்துத் தீர்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே தாகம். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை.

குடித்து முடிப்பதற்குள் வாசலிலிருந்து சுஜாதாவின் குரல் வந்தது. "ஏனுங்க, செவப்பு எரியுதுங்க. இதுக்குச் சந்தோசப்படோணுமா, வருத்தப்படோணுமா?"

ஞானசுந்தரம் மத்தியான இலையிலிருந்து எழுந்து, கைகூடக் கழுவாமல் வந்தார். அவர் கார் பாதிச் சார்ஜில் நின்றிருந்தது. மீட்டரில் அளவு காலையில் இருந்ததைவிட எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தது.

"இப்ப ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க, பார்க்கலாம்" என்றார்.

சற்றுமுன் ஒரு சொம்புக்குத் தடை விதிக்கப்பட்ட தனபாலே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எவ்வளவு ஊத்தோணும் சிவா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். ஊற்றினார். மண் உறிஞ்சியது. மீட்டரின் அளவு மெதுவாக இறங்கியது. சிவசக்தி மிஷினை மறுபடி முடுக்கினாள். பச்சை எரிந்து, கார் விட்ட இடத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தது.

ஞானசுந்தரம் குழிக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். முழங்கால் ஆழத்திலேயே பாறை இடித்தது. குழி தோண்டிய ஒப்பந்தக்காரர் பாறையைக் கண்டதும் அதோடு மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

"வேற இடத்துல ஆழமா போட்டுடலாம். அதுவரைக்கும் தினமும் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துங்க. மிஷின் இங்கயே இருக்கட்டும்." பிறகு சிவசக்தி பக்கம் திரும்பினார். "இனிமே உங்க கையெழுத்தை யாராவது சந்தேகப்பட்டா என்கிட்ட அனுப்புங்க. ஆனா ஒண்ணு. இங்க சோதனைக்கு வர்றப்ப வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லக்கூடாது. திடீர்னுதான் வரணும்."

சிவசக்தி தலையாட்டினாள். சுஜாதாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது எப்படீங்க? சொந்த ஊட்டுக்குச் சொல்லாம வர்றதா? அப்ப சோறு யாருங்க வடிக்கறது?"

"சோறு எப்பவுமே இருக்கற இடம்தானேம்மா இது" என்று ஞானசுந்தரம் சிரித்தார். போகும்போது பலாக்கொட்டைக் குழம்பு ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு போனார்.

சிவசக்தியும் கிளம்பினாள். தனபால் வேன் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "வளைவுல பாத்துப் போ. எறங்குனதும் போன் பண்ணு. எனக்கே பண்ணு" என்றார்.

ஏரியைத் தாண்டி, மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது சிவசக்தி பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பொய்க் காரைக் காணோம். அண்ணனோடு சமாதானமான சந்தோஷத்தில் பெட்டியை மெஸ் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வேனைத் திருப்பினாள். அண்ணிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். திடீரென்று வரச் சொன்னது ஞாபகம் வந்ததும், சிரித்துக்கொண்டு போனை உள்ளே வைத்தாள்.

மெஸ் வாசலில் மிஷினில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அதில் செருகி நின்றது ஒரு வெள்ளைக் கார்.

நம்பரைப் பார்த்தாள். ஆபீஸில் புகாரோடு புகாராகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான நம்பர். சிவசக்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினாள்.

உள்ளே ஒரே ஒரு இலை போட்டிருந்தது. இலைக்கு முன்னால் முப்பதை ஒட்டிய ஒரு ஆள், நீலச் சட்டை, கண்ணாடி. தனபால் வேறு யாருக்கும் செய்யாத மரியாதையாக, தானே குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார். சுஜாதா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் நாத்தனாரைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கினாள்.

"என்ன கண்ணு, சொல்லாம கொள்ளாம..."

"மேலிடத்து உத்தரவுங்க அண்ணி. இவருதானா அந்த வெள்ளைக் கார்?"

அந்த ஆள் பதறிப்போய் எழுந்தான். கையில் களி ஒட்டியிருந்தது. சிவசக்தியைப் பார்த்தான். பிறகு சுஜாதா பக்கம் திரும்பினான், முகம் முழுக்க மனத்தாங்கலோடு.

"ஏனுங்கக்கா, இவங்க வர்ற அன்னிக்குப் போன் பண்றேன், வந்து பொண்ணைப் பாருங்கன்னு சொன்னீங்களே."

சிவசக்தி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு சிவசக்தி அண்ணனைப் பார்த்தாள்.

மத்தியானம்தான் பேச ஆரம்பித்திருந்த தனபால் வாயைத் திறக்கவே இல்லை. குழம்புக் கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, 'நீயே சொல்லிடு' என்று சுஜாதாவுக்குக் கை ஜாடை காட்டினார்.